இனிக்கும் உப்பு

"சம்மதம்னு ஒரு வார்த்தை. அதுக்கு மேல உன்கிட்ட என்ன கேட்கிறோம்?"

மாமியார் தலை நிமிரவில்லை. எலுமிச்சம்பழங்களை இரண்டாக அறுத்து ஒவ்வொரு மூடியாகப் பிழிந்துகொண்டிருந்தாள். சாறு அவள் விரலிடுக்கில் வழிந்து, அகன்ற வாய்ப் பித்தளைப் பாத்திரத்தில் சொட்டியது. பாத்திரம் வெளியே மஞ்சள், உள்ளே சாம்பல்.

மருமகள் தட்டுகளைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை உங்க அப்பா உன் தங்கச்சியைக் கூட்டிட்டு வர்றார். மாமா உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார். தலையாட்டினா பத்தாது. வாயைத் திறந்து சொல்லணும். மூத்தவ வாயால சொன்னாத்தான் இளையவளை உள்ள அழைக்கிறது."

"சொல்லலைன்னா, அத்தை?"

மாமியார் அடுத்த பழத்தை எடுத்தாள். அதை அறுத்துப் பிழிந்து முடித்தாள்.

"சொல்லலைன்னா நீ உங்க அப்பா வீட்டுக்குப் போயிடலாம். யாரும் கையைப் பிடிச்சு இழுக்கப் போறதில்ல. ஆனா வாழாவெட்டி அக்கா உட்கார்ந்திருக்கிற வீட்டுக்கு உன் தங்கச்சியைக் கேட்டு எவன் வருவான்? அதையும் கொஞ்சம் யோசிச்சுக்கோ."

அவள் கெட்டவள் இல்லை. மருமகள் வயிற்றில் ஒன்று தங்கியதென்று தெரிந்த ஒவ்வொரு முறையும் கனமான வேலையை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டவள். மசக்கைக்கு இதமாக இருக்கட்டுமென்று காலையும் மாலையும் இந்தச் சாற்றைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தவள். முதலாவது மூன்றாம் மாதத்தில் போயிற்று. இரண்டாவது ஐந்தில். மூன்றாவது ஏழாம் மாதத்தில் முழு உருவத்தோடு, மூச்சில்லாமல் வந்தது. அதைத் துணியில் சுற்றி வாங்கியதும் இந்தக் கைகள்தான். அதன் பிறகுதான் வீட்டில் குரல்கள் தாழ்ந்தன. யாரும் அவளை முகத்துக்கு நேரே திட்டவில்லை. அவள் அறைக்குள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். ஆறு மாதம் அப்படி நிறுத்தி நிறுத்திப் பேசி முடித்ததுதான் அவளுடைய தங்கை.

இரண்டாந்தாரமாக வெளியிலிருந்து ஒருத்தியைக் கொண்டுவந்தால் சண்டை வரும். கூடப் பிறந்தவள் என்றால் மூத்தவளும் ஒரு மூலையில் இருந்துகொள்ளலாம். இதைப் பெருந்தன்மை என்றே மாமனார் நினைத்தார். அவளுடைய அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

வீட்டுக்குப் பின்னால் பட்டறை. பழைய வண்டி பேட்டரிகள் அங்கே மதில் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும். கோடரியால் மூடியைப் பிளந்து, உள்ளிருக்கும் அமிலத்தைச் சாக்கடையில் சாய்த்து, தகடுகளை உருவி, இரும்புக் கொப்பரையில் உருக்கிப் பாளமாக வார்ப்பார்கள். காரீயம். அந்த ஒரு உலோகத்தின் மேல்தான் இந்த வீட்டின் சுவரும் கூரையும் நின்றன. கொப்பரை கொதிக்கும்போது கிளம்பும் புகை மதிலைத் தாண்டித் தெருவுக்குள் இறங்கும். ஜன்னல் கம்பிகளில் தினமும் ஒரு மெல்லிய மஞ்சள் தூள் படியும். மருமகள் காலையில் துடைப்பாள். மாலையில் மறுபடி இருக்கும்.

பட்டறைத் துணிகளைச் சலவைக்குப் போடுவதில்லை. அது வீட்டுப் பெண்ணின் வேலை. "வெளியில போட்டா என் ஈயத்துல பாதி அவன் சாக்கடைக்குப் போயிடும்" என்பார் மாமனார். சிமெண்டுத் தொட்டியில் கையால் கும்மித் துவைத்து, அழுக்குத் தண்ணீரை அசையாமல் விட்டுவிட வேண்டும். மறுநாள் தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய சாம்பல் சேற்றைத் தகரக் கரண்டியால் வழித்துப் பட்டறையில் கொடுக்க வேண்டும். அது கொப்பரைக்குத் திரும்பிவிடும். ஆறு வருஷமாக அவள் வழித்துக் கொடுத்தாள். இந்த வீட்டில் எதையும் வீணாக்குவதில்லை என்பது மாமனாரின் பெருமை.

மாலை ஐந்து மணிக்கு முன்னறை அவளுடையதாகும். தெருப் பிள்ளைகள் பதினொரு பேர் வருவார்கள். கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருஷத்தோடு நின்று கல்யாணமாகி வந்தவள் அவள். நின்ற இடத்திலிருந்து பின்னோக்கி, ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று தனிமங்கள்.

"உலகத்துல இருக்கிற எல்லாமே நூத்திச் சொச்சம் தனிமங்களாலதான் ஆகியிருக்கு. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு அணு. எண்பத்திரண்டு புரோட்டான் இருந்தா அது காரீயம். எண்ணிக்கை மாறாத வரைக்கும் அது காரீயம்தான். உருக்கினாலும் சரி, பொடியாக்கினாலும் சரி, அமிலத்துல கரைச்சாலும் சரி. வேதிவினையில அணு கூட்டாளியைத்தான் மாத்திக்கும். ஆளு மாறாது."

"டீச்சர்." முன் வரிசையில் இருந்த பெண் கை தூக்கினாள். கேள்வி கேட்டே ஆளைத் துளைப்பவள் என்பதால் மற்றப் பிள்ளைகள் அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்திருந்தார்கள். "அப்போ உங்க பட்டறையில எரியறப்போ புகையா போகுதே, அது?"

"அதுவும் அதேதான். ஆக்சிஜனோட சேர்ந்து ஆக்சைடா போகுது."

"போய்?"

"போய்... எங்கயாவது உட்காரும்."

"எங்க டீச்சர்?"

பின்னாலிருந்து ஒருவன், "உன் மண்டையில" என்றான். சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜன்னல் கம்பியைப் பார்த்தாள்.

துருவி விடவில்லை. "அமிலமும் உலோகமும் சேர்ந்தா உப்பு வரும்னு போன வாரம் சொன்னீங்க. எல்லா உப்பும் கரிக்குமா?"

"எல்லாம் கரிக்காது. சிலது கசக்கும். சிலது..." அவள் நிறுத்தினாள். கல்லூரியில் ஒரு மதியம் கரும்பலகையில் எழுதிப்போட்ட வரி அது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, எழுதி, மறந்த வரி. "காரீயத்தோட சில உப்பு இனிக்கும். இனிச்சாலும் விஷம். அதனாலதான் சோதனைச்சாலையில எதையும் நாக்குல வைக்கக் கூடாதுங்கறது."

சொல்லிவிட்டு வீட்டின் உள்பக்கம் திரும்பினாள். பிள்ளைகள் காத்திருந்தார்கள். சமையலறையில் மாமியார் பாத்திரத்தின் மேல் துணியைக் கட்டி மூடும் சத்தம் கேட்டது. இரண்டு நாள் அப்படியே இருக்கும். மூன்றாம் நாள் திறந்தால் சர்க்கரையே போடாமல் சாறு இனித்துக் கிடக்கும். இந்தப் பாத்திரத்தின் கைராசி என்று சொல்லித் தெருவே வியக்கும்.

"இன்னைக்குப் போதும். போங்க" என்றாள்.

கைராசியின் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாற்பது வருஷங்களுக்கு முன்னால் உள்பூச்சு தேய்ந்துபோன இந்தப் பாத்திரத்துக்குப் பூச்சுக்காரன் பத்து நாள் தவணை சொன்னான். மாமனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. வீடு முழுக்க உலோகத்தை வைத்துக்கொண்டு இன்னொருத்தன் வாசலில் நிற்பதா? கொப்பரையிலிருந்து ஒரு கரண்டி காரீயத்தை மொண்டு ஊற்றிச் சுழற்றித் தானே பூசிவிட்டார். பூச்சுக்காரன் பூசுவது வெள்ளீயம், வேறு உலோகம் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. இரண்டும் ஈயம்தானே, பளபளத்தால் போதாதா என்று இருந்துவிட்டார்.

மாமியார் கடைக்குப் போன நேரத்தில் அவள் துணியை அவிழ்த்துப் பாத்திரத்துக்குள் பார்த்தாள். விளிம்பை நகத்தால் சுரண்டினாள். வெண்ணெய் கெட்டியானது போல் மெத்தென்று வந்தது. சுரண்டிய துணுக்கை நோட்டுக் காகிதத்தில் தேய்த்தாள். சாம்பல் கோடு விழுந்தது. அந்தக் கோட்டைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் இரண்டு தெரு தள்ளியிருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனாள். காரீயம் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கச் சொன்னபோது அங்கிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "சர்க்கரை பார்க்க வருவாங்க, கொழுப்பு பார்க்க வருவாங்க. ஈயம் பார்க்க நீங்கதாம்மா முதல் ஆள்." வெளியூருக்கு அனுப்பித்தான் பார்க்க முடியும், ஒரு வாரம் ஆகும் என்றார்.

அப்பாவுக்குப் போன் செய்தாள். தங்கையிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அவ எதுக்கு? எதுவா இருந்தாலும் ஞாயித்துக்கிழமை நேர்ல பேசிக்கலாம்" என்றார் அப்பா.

"அப்பா, இந்த வீட்ல ஒரு விஷயம்..."

"எந்த வீட்லதான் விஷயமில்ல? போன்ல பேசற சமாச்சாரமா இது? பெரியவங்க எதிர்ல மரியாதையா ஒரு வார்த்தை சொல்லிடு. நீயும் அங்கேயே இருந்துக்கலாம், அவளும் பிழைச்சுக்குவா. அப்பாவுக்கு வேற வழி தெரியலைம்மா." அவர் குரலில் கோபமில்லை. களைப்பு இருந்தது. போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. உறையைக் கொடுக்கும்போது பரிசோதனைக்காரர் வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. "எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு தடவை பார்த்தாங்களாம்மா" என்றார். ஐந்துக்குள் இருக்க வேண்டிய இடத்தில் அறுபத்தொன்று என்று இருந்தது. அவள் ஒரு நகல் எடுத்துக்கொண்டாள்.

மதியம் மாமனார் படுத்த பிறகு பட்டறைக்குப் போனாள். புருஷன் கொப்பரையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தாளை நீட்டினாள். அவன் இடது கையால் வாங்கினான். வலது மணிக்கட்டு சில மாதமாகவே தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"அறுபத்தொண்ணுன்னா?"

"அஞ்சுக்குள்ள இருக்கணும்."

தாளைத் திருப்பி அதன் வெறும் பின்பக்கத்தைப் பார்த்தான். அடுப்பில் ஒரு கட்டை முறிந்து விழுந்தது.

"உள்ள போனா என்ன பண்ணும்?"

"எலும்புல போய் உட்காரும். சுண்ணாம்புச்சத்துன்னு நினைச்சு உடம்பு ஏமாந்துடும். வருஷக்கணக்கா அங்கேயே இருக்கும். வயித்துல பிள்ளை வந்தா, பிள்ளைக்கு எலும்பு கட்ட அம்மா எலும்புல இருந்துதான் எடுத்துக் கொடுக்கும். அப்போ இதையும் சேர்த்துக் கொடுத்துடும்."

"மூணு தடவையுமா?"

"வேற என்னன்னு நினைக்கச் சொல்றீங்க?"

அவன் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று நெகிழ்வதைப் பார்த்தாள். இப்போது பேசிவிடுவான் என்று நினைத்தாள். ஆறு வருஷத்தில் அவள் மிகவும் காத்திருந்த நேரம் அதுதான். அவன் குனிந்து ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினான்.

"நீங்களும் பார்க்கணும்" என்றாள் அவளே. "ஆம்பளைக்கும் இது கெடுக்கும். உங்க மணிக்கட்டு..."

"பாரம் தூக்கினதுல சுளுக்கு."

"ஈறுல நீலமா ஒரு கோடு இருக்கு. கண்ணாடியில பார்த்திருக்கீங்களா?"

அவன் வாயை மூடிக்கொண்டான். தாளை நான்காக மடித்தான். ஒரு கணம் தயங்கிவிட்டு, நெருப்பில் போட்டான்.

"இது அப்பா காதுக்குப் போகக் கூடாது. முப்பது நாப்பது வருஷமா இந்தக் குடும்பத்துக்குச் சோறு போடற தொழில். தெருவுல தெரிஞ்சா நாளைக்கு வாசல்ல வந்து நிப்பாங்க."

"என் தங்கச்சி இங்க வரப்போறாளேங்க."

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றுமில்லை என்பதல்ல. சொல்லிவிட்டால் அதற்கப்புறம் தான் வேறு ஆளாக இருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார் வழக்கம்போல் டம்ளரை நீட்டியபோது, வேண்டாம் என்றான். முப்பத்திரண்டு வயதில் முதல்முறை.

"ஏன்டா, பல் கூசுதா?"

"ஆமாம்மா."

சாப்பாட்டுத் தட்டின் மேல் குனிந்திருந்த மருமகள் அதைக் கேட்டாள். தாளை நெருப்பில் போட்டபோதுகூட அவளுக்கு அவ்வளவு குளிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்துவிட்டார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் சிறுத்துத் தெரிந்தார். தங்கை கைகழுவ வேண்டும் என்று பின்பக்கக் குழாய்க்கு வந்தாள். கடைசி வருஷப் படிப்பு, இருபத்தோரு வயது, வாய் கொஞ்சம் அதிகம்.

"அக்கா, இது எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறதா, உனக்குச் சக்களத்தி பார்க்கிறதா? யாரும் சரியா சொல்ல மாட்டேங்கறாங்க."

"மெல்லப் பேசு. நீ என்ன சொல்லப் போறே?"

"நான் என்ன சொல்ல? நீ சரின்னா நானும் சரிங்கணுமாம். நான் மாட்டேன்னா உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்களாம். வண்டியில வர்ற வழியெல்லாம் அப்பா இதையேதான் சொல்லிட்டு வந்தார்."

"எனக்கும் அதையேதான் சொன்னாங்க. நான் மாட்டேன்னா உனக்குக் கல்யாணமே ஆகாதாம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கைதான் முதலில் சிரித்தாள். "நல்லாத்தான் முடிச்சுப் போட்டிருக்காங்க." பிறகு சிரிப்பு போய்விட்டது. "அத்தானைப் பிடிச்சிருக்கான்னு கேட்காதே. அவர் என்னை ஏறெடுத்தே பார்க்கலை. எனக்கே பாவமா இருந்தது." குனிந்து பக்கத்துத் தொட்டியில் கையை விடப் போனாள். மருமகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுல கை வைக்காதே."

"தண்ணிதானே?"

"வைக்காதேன்னா வைக்காதே. உள்ள அவங்க எது கொடுத்தாலும் குடிக்காதே."

"ஏன்க்கா?" என்று அவள் கேட்பதற்குள் உள்ளிருந்து கூப்பிட்டார்கள்.

கூடத்தில் மாமனார் நாற்காலியில் இருந்தார். அவருக்கு எதிரில் அப்பா. பக்கத்துச் சுவரோரம் புருஷன், வலது கையைத் தொடைக்கடியில் வைத்தபடி. மாமியார் தட்டில் டம்ளர்களைக் கொண்டுவந்தாள்.

"குடிச்சுப் பாருங்க சம்பந்தி. ஒரு பிடி சர்க்கரை கிடையாது. எல்லாம் பாத்திரத்தோட வாகு" என்றார் மாமனார்.

தடுக்க மருமகள் வாயெடுப்பதற்குள் அப்பா ஒரு மடக்குக் குடித்துவிட்டார். "அட, தேன் மாதிரி இருக்கே."

"இளையவளுக்குக் கொடு. இந்த வீட்ல முதல் வாய் இனிப்பா இருக்கட்டும்."

மாமியார் டம்ளரைத் தங்கையின் கையில் திணித்தாள். தங்கை அக்காவைப் பார்த்தாள். எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள். மருமகள் நடந்து போய் அந்த டம்ளரை வாங்கி, புருஷனுக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தாள்.

"நீங்க குடிங்க" என்றாள்.

அவன் டம்ளரைப் பார்த்தான்.

"என்ன பழக்கம் இது?" என்றார் மாமனார். "அவன் தினம் குடிக்கிறதுதானே. குடிடா. குடிச்சுட்டு அந்தப் பொண்ணுக்கு வேற ஊத்திக் கொடுக்கட்டும்."

அவன் கையை எடுக்கவில்லை. பின்பக்கக் குழாயில் தண்ணீர் சொட்டுவது கூடம் வரை கேட்டது. அப்பா தன் டம்ளரை வாய்வரை கொண்டுபோனவர், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்தினார்.

"மூணு நாளாவே பல் கூசுதுங்கறான்" என்றாள் மாமியார் மெல்ல.

"பல் கூசலை அத்தை. அவருக்கு விஷயம் தெரியும்." மருமகள் நகலை எடுத்து டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்வதுபோல்தான் சொன்னாள். புளிப்பு ஒரு அமிலம். பாத்திரத்துக்குள் பூசியிருப்பது காரீயம். இரண்டும் சேர்ந்தால் ஒரு உப்பு. அந்த உப்பு இனிக்கும். அது உடம்புக்குள் போனால் அழியாது. எலும்பில் சேரும், எலும்பிலிருந்து பிள்ளைக்குப் போகும். துணி அலசுகிற தண்ணீரில் இருப்பதும் அதேதான். ஜன்னலில் படிவதும் அதேதான். மூன்று பிள்ளைகளையும் மாதக் கணக்கில் சொன்னபோது மட்டும் ஒரு முறை நின்றாள்.

மாமனார் முட்டாள் இல்லை. நாற்பது வருஷம் உலோகத்தோடு வாழ்ந்தவர். எழுந்துபோய்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, கட்டைவிரலால் உட்பக்கத்தைத் தேய்த்து, விரலைப் பார்த்தார். பூச்சு பல இடங்களில் கரைந்து பித்தளை தெரிந்தது. நாற்பது வருஷமாக அது எங்கே போயிருக்கும் என்று இப்போதுதான் முதல்முறை யோசிப்பவர்போல நின்றார்.

"சரி. இதுதான் காரணம்ங்கறே."

"இது மட்டும் இல்ல மாமா. பட்டறையும்..."

"பட்டறை வெளியில இருக்கு. வயித்துக்குள்ள போனது இது." பாத்திரத்தைக் கவிழ்த்துத் தரையில் வைத்தார். "தூக்கிப் போட்டுடலாம். இதுல என்ன இருக்கு? எவர்சில்வர்ல நாலு பாத்திரம் வாங்கிக்கலாம்."

அவர் முகம் தெளிந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"நல்லவேளை சம்பந்தி. இளையவ வர்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுது. இனி அவளுக்கு இந்தக் கஷ்டம் இருக்காது. படிச்ச பொண்ணு வீட்ல இருந்தா இதான் லாபம்."

மருமகளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் முகத்திலும் அதே தெளிவு பரவிக்கொண்டிருந்தது. அவர் தலையாட்டினார். வழியில் வரும்போது அவர் நெஞ்சில் ஒரு பயம் இருந்திருக்க வேண்டும், இளையவளுக்கும் இப்படியே ஆகிவிட்டால் என்று. இப்போது அது நீங்கிவிட்டது.

"அப்போ மூத்தவ?" என்றார் அப்பா, ஒரு மரியாதைக்காக.

"அவளே சொல்றாளே, எலும்புல ஏறிடுச்சு, போகாதுன்னு. அவ உடம்புக்கு இனிமே ஆகாது. அவ இருக்கட்டும், அவளுக்கு என்ன குறை? இளையவ உடம்பு சுத்தம். அதானேம்மா உன் கணக்கு?"

மூன்று வருஷமாக அவள் விதி, அவள் வயிறு, அவள் கால் வைத்த நேரம் என்று சொன்னதில் ஒன்றையும் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கொண்டுவந்த உண்மையை எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்டார்கள்.

"சொல்லும்மா" என்றார் மாமனார், அன்பாகவே. "சம்மதம்தானே?"

"சம்மதமில்ல."

கத்திச் சொல்லவில்லை. அதனால் அது அவர்களுக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரமாயிற்று.

"என்னம்மா இது" என்றார் அப்பா. "அதான் பாத்திரத்தைப் போட்டுடலாம்ங்கறாங்களே."

"அந்தத் தொட்டியில இவ நாளைக்குத் துணி துவைக்கணும்பா."

தங்கை அதுவரை தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது நிமிர்ந்தாள். "அத்தானோட ரத்தம் பார்த்தாச்சா?"

மாமனார் சிரித்தார். "ஆம்பளை ரத்தத்துல பார்க்க என்ன இருக்கு? சிவப்பாத்தான் இருக்கும்."

"அப்போ பார்த்துட்டுச் சொல்லி அனுப்புங்க." சொல்லிவிட்டு அத்தானைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை எழுந்தாள். "வா அக்கா."

"உட்காரு" என்றார் அப்பா. அவர் எழுந்திருக்கவில்லை. யாரை உட்காரச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. இரண்டு மகள்களும் அவரைக் கடந்து போனார்கள்.

மருமகள் உள்ளே போய் ஒரு பையில் நான்கு துணியும் பாடப்புத்தகங்களும் எடுத்துக்கொண்டாள். அதற்குள் கூடத்தில் பேச்சு மறுபடி தொடங்கியிருந்தது. "கோபத்துல போறா. பத்து நாள்ல வருவா." "நான் கூட்டிட்டு வர்றேன் சம்பந்தி, நீங்க மனசுல வச்சுக்காதீங்க." புருஷனின் குரல் அதில் இல்லை.

வாசல் இரும்புக் கதவைத் திறக்கும்போது பின்னால் செருப்பில்லாத காலடி கேட்டது. மாமியார். கையில் இன்னும் தட்டு இருந்தது. டம்ளர்கள் இல்லாத வெறும் தட்டு. தடுக்க வந்திருக்கிறாள் என்று தங்கை அக்காவின் முன்னால் வந்து நின்றாள்.

மாமியார் தெருவைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள்.

"அந்த ரத்தம் பார்க்கிற இடம்" என்றாள். "எந்தத் தெருவுல இருக்கு?"

மருமகள் அவளைப் பார்த்தாள்.

"எனக்கு அஞ்சு போச்சு. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. வீட்ல அதைப் பேசறதில்ல. ஆறாவதாத்தான் இவன் நின்னான். இவனும் நிக்கலைன்னா அடுத்த மாசம் ஒருத்தியைக் கூட்டிட்டு வர்றதா இருந்தது. பேர்கூட எனக்குத் தெரியும்." சொல்லிக்கொண்டே தட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே துடைக்க ஒன்றுமில்லை. "உனக்கு நான்தானே கொடுத்தேன். என் கையாலதானே கொடுத்தேன்."

இல்லை என்று மருமகளால் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. மூன்று பெண்களும் கதவின் இரு பக்கமும் நின்றார்கள்.

"இத்தனை வருஷம் கழிச்சு இப்போ தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க அத்தை?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல."

உள்ளிருந்து மாமனார் கூப்பிட்டார். சம்பந்திக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். மாமியார் திரும்பவில்லை.

"அந்த அஞ்சுக்கும் நான் காரணமில்லைன்னு ஒரு காகிதம் வேணும். அவர்கிட்ட காட்டறதுக்கு இல்ல" என்றாள். "நான் வச்சுக்கறதுக்கு."